நம் வீட்டுக் கழுத்து

ஜூன் 4

அன்புள்ள அக்கா,

நான் சுகம். நீயும் அப்பாவும் சுகம்தானே? நம் கடையில் பழுதான மோட்டார்கள் வந்து குவிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நான் இல்லாததால் கம்பி சுற்றும் வேலை முழுக்க உன் தலையில்தான் விழுந்திருக்கும். திட்டிக்கொள், ஆனால் பதில் போடு.

இந்தத் தீயணைப்புப் பயிற்சி மையத்துக்கு வந்த அன்றே வாசலில் செல்போனை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார்கள். பயிற்சி முடியும்வரை தபால்தான் கதி. அடுத்து, தாடி, மீசை எல்லாவற்றையும் எடு என்றார்கள். கல்லூரியிலிருந்து நான் கண்ணும் கருத்துமாக வளர்த்த தாடி. எடுத்த பிறகு கண்ணாடியில் பார்த்தால் யாரோ பள்ளிக்கூடத்துப் பையன் என்னை முறைக்கிறான்.

காரணம் இருக்கிறது. புகைக்குள் போகும்போது முதுகில் காற்று சிலிண்டரும் முகத்தில் முகமூடியும் மாட்ட வேண்டும். முகமூடியின் ரப்பர் ஓரம் வெறும் தோலில் ஒட்ட வேண்டும். இடையில் முள்முள்ளாக முடி நின்றால்கூட அந்த வழியாகப் புகை உள்ளே வந்துவிடும். இதைச் சோதிக்க ஒரு வேலை செய்கிறார்கள். முகமூடியோடு உட்காரவைத்து, தலைக்குமேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, உள்ளே கசப்பு மருந்தைப் புகையாக அடிக்கிறார்கள். நாக்கில் கசந்தால் தோல்வி. எனக்கு நன்றாகவே கசந்தது.

என் கழுத்துதான் எதிரி. கடையில் விற்கிற மூன்று பிளேடு ரேசர் என் முடியைத் தோலுக்கு உள்ளே வரை வெட்டிவிடுகிறது. திரும்ப வளரும்போது அது வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே சுருண்டு பருவாகிறது. கழுத்து முழுக்கச் சிவப்புப் பரு. அதன்மேல் ரப்பர் எப்படி ஒட்டும்? ஆகஸ்ட் கடைசியில் இறுதிச் சோதனை. அதிலும் கசந்தால் தீயணைப்பு வண்டியில் ஏற முடியாது. கிடங்கில் குழாய் சுருட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அப்பா என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா? கிளம்பும்போது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எல்லாரும் வெளிய ஓடி வர்ற இடத்துக்குள்ள நீ எதுக்குடா ஓடணும்? போறதுன்னா போ. எங்கிட்ட பேசாத."

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தாடியில்லாத தம்பி


ஜூன் 15

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். உன் கழுத்தைத் தவிர மற்றதெல்லாம் நலம் என்று புரிந்துகொண்டேன்.

உன் தாடி போனதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். அதைச் சீவுகிறேன் பேர்வழி என்று காலையில் குளியலறையைப் பிடித்து வைத்துக்கொண்டு என்னை எத்தனை நாள் கதவுக்கு வெளியே நிற்க வைத்தாய். நன்றாக வேண்டும்.

அப்பா உன் பேச்சை எடுப்பதில்லை. ஆனால் தபால்காரர் தெருமுனையில் தெரிந்தால் அவர் கை நின்றுவிடுகிறது. "யாருக்கு வந்திருக்கு?" என்று மீசையைத் தடவிக்கொண்டே கேட்கிறார். உன் கடிதத்தை நான் சத்தமாகப் படித்தேன். முடித்ததும், "மிஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்றார். மிஷின் ஓடவே இல்லை. பிறகு டீ குடிக்கும்போது தானாகவே, "கசப்பு மருந்தாம், நல்லா குடுத்தாங்க" என்றார்.

நீ குழாய் சுருட்டவா வீட்டை விட்டுப் போனாய்? கழுத்துக்கு வழி தேடு. தினமும் தலைக்கு எண்ணெய் வை.

அன்புடன் அக்கா


ஜூன் 27

அன்புள்ள அக்கா,

நான் நலம், அதுவும் சாதாரண நலம் இல்லை. நீயும் அப்பாவும் எப்படி? பதிலை அடுத்த கடிதத்தில் படித்துக்கொள்கிறேன், முதலில் என் கதையைக் கேள்.

வழி கிடைத்துவிட்டது. என் பக்கத்துக் கட்டில்காரனை நாங்கள் நெட்டையன் என்போம். அவனுக்கும் என்னைப் போலவே கழுத்துப் பிரச்சினை. இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்குப் போய் ஒரே மாதிரி சேஃப்டி ரேசர் வாங்கினோம். முழுக்க உலோகம், கையில் கனக்கிறது. தலையைத் திருகிக் கழற்றினால், இரண்டு பக்கமும் வெட்டும் மெல்லிய பிளேடு ஒன்று உள்ளே உட்காருகிறது. ஒரே பிளேடு, தோலின் மட்டத்தோடு வெட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. உள்ளே போய் வம்பு பண்ணுவதில்லை. கூடவே பிரஷ், வட்ட சோப்பு, படிகாரக் கல்.

முதல் நாள் நடந்ததைச் சொன்னால் சிரிப்பாய். பழைய ரேசரை அழுத்துகிற மாதிரியே இதையும் அழுத்தினேன். மோவாயில் இரண்டு இடம், காதோரம் ஒரு இடம், சிவப்பு. நெட்டையன் பக்கத்துக் கண்ணாடியில் அதைவிட மோசம். இரண்டு பேரும் முகமெல்லாம் காகிதத் துண்டு ஒட்டிக்கொண்டு அணிவகுப்பில் நின்றோம். முகமூடிப் பயிற்சி தருகிற வாத்தியார் எங்களைப் பார்த்து, "தீ எங்கப்பா பிடிச்சுது?" என்றார்.

ஒரு வாரம் பிடித்தது, அக்கா. அழுத்தவே கூடாது. ரேசரின் கனமே போதும், நாம் அதை முகத்தின்மேல் நடத்திக்கொண்டு போனால் சரி. கைப்பிடியைச் சற்று இறக்கிச் சாய்வாகப் பிடித்தால் பிளேடு சரியான இடத்தில் தொடுகிறது. அப்போது ஒரு சத்தம் வரும், சரசரவென்று. அந்தச் சத்தம் வந்தால் வெட்டுகிறது என்று அர்த்தம், வராவிட்டால் கோணம் தப்பு. இன்று காலை முதல் தடவையாக முகம் முழுக்க அந்தச் சத்தம் வந்தது. எனக்குப் பாட வேண்டும்போல் இருந்தது. பாடினேன். நெட்டையன் துண்டால் அடித்தான்.

அப்பாவிடம் இதைச் சொல்லாதே. சொன்னாலும் கேட்க மாட்டார், மிஷின் சத்தம் இருக்குமே.

உன் அருமைத் தம்பி


ஜூலை 20

அன்புத் தம்பிக்கு,

நலம். நீ நலமா? பதில் தாமதமாகிவிட்டது, கடையில் வேலை நெருக்கடி. அப்பாவுக்கு உடம்பில் சளி, காய்ச்சல் எதுவும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறார், நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதிகாரம் பண்ணுகிறார்.

உன்னிடம் சில கேள்விகள். அந்த ரேசரில் எந்த வகை வாங்கினாய்? சோப்பை எப்படி நுரையாக்குவது? நான் அடித்துப் பார்த்தேன், தண்ணீராக ஓடுகிறது. கன்னம் சற்றுத் தொளதொளவென்று இருந்தால் என்ன செய்ய வேண்டும்? எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு நாம் ஷேவ் செய்தால் கோணம் மாறுமா? தொண்டை மேடு வரும் இடத்தில் எப்படிப் போவது?

ஏன், எதற்கு என்று கேட்காதே. சீக்கிரம் எழுது.

அக்கா


ஜூலை 26

அன்பும் ஆச்சரியமும் நிறைந்த அக்காவுக்கு,

நலம். நீ நலம் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. யார் அந்த ஆள்?

கேட்காதே என்றால் கேட்காமல் இருப்பேனா? எதிரே உட்கார்ந்திருக்கிறாராம், கன்னம் தொளதொளவாம். அக்கா, கொஞ்சம் வயதான மாப்பிள்ளையாகத் தெரிகிறது. பரவாயில்லை, நல்ல மனுஷராக இருந்தால் போதும். பெண் பார்க்க வந்தவர்களையெல்லாம் கடைவாசலோடு திருப்பி அனுப்பிய நீ, ஒருவருக்கு முகம் வழித்துவிடும் அளவுக்கு இறங்கி வந்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நெட்டையனிடம் சொல்லிவிட்டேன். அவன் இங்கே டீ வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினான்.

சரி, பாடம். நுரைக்கு: பிரஷை வெந்நீரில் ஊறவைத்து நன்றாக உதறு. ஈரம் அதிகமானால்தான் ஓடும். சோப்பின்மேல் சுற்றிச் சுற்றித் தேய், அவசரப்படாதே. பிரஷைத் தூக்கினால் நுரையின் நுனி வளைந்து நிற்க வேண்டும். முகத்தை முதலில் வெந்நீர்த் துணியால் ஒற்றி முடியை இளக்கிக்கொள். தொளதொளக் கன்னத்தை இடது கையால் காதுப்பக்கம் இழுத்துப் பிடி. இழுத்த தோலில்தான் பிளேடு நடக்கும். எதிரே நிற்காதே, பக்கத்தில் நில், இல்லாவிட்டால் பின்னால் நில். தொண்டை மேட்டில் நேராகப் போகாதே. அவரை எச்சில் விழுங்கச் சொல். மேடு மேலே போகும், அந்த நேரத்தில் இரண்டு சின்ன இழுப்பு. மேலுதட்டுக்கு: உதட்டைப் பல்லோடு மடக்கிக் கீழே இழுக்கச் சொல். மூக்குக்கு அடியிலிருந்து நேராகக் கீழே, சின்னச் சின்னதாக. அங்கே தயங்கினால்தான் வெட்டும்.

முக்கியமானது, ஷேவ் செய்யும்போது அவரைப் பேசவிடாதே. கல்யாணத்துக்கு முன்பே பழக்கிவிடு.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். அப்பாவுக்குத் தெரியுமா?

உன் மகிழ்ச்சியான தம்பி


ஆகஸ்ட் 8

டேய் தம்பி,

நலம், நலம். நீ சொன்ன சத்தம் கேட்டது.

முதல் இரண்டு நாள் அங்கங்கே கீறிவிட்டேன். ஆனால் தலைமுடி அளவு செம்புக் கம்பியை அறுந்துவிடாமல் சுற்றுகிற கை இது. மூன்றாவது நாள் கன்னத்தில் ஆரம்பித்துத் தாடைவரை ஒரே சரசர. நுரையை வழித்த இடத்தில் தோல் பளபளவென்று வெளியே வந்ததைப் பார்த்து எனக்கே கைதட்ட வேண்டும்போல் இருந்தது. ஒரு மோட்டார் முதல் சுற்றிலேயே ஓடுமே, அந்தச் சந்தோஷம். படிகாரக் கல் தடவியதும் ஆள் நாற்காலியிலிருந்து ஒரு துள்ளு துள்ளினார் பார். "எரியுது, எரியுது" என்று வீடு அதிர ஒரே கூப்பாடு. பேசவிடாதே என்று நீ சுலபமாக எழுதிவிட்டாய். நாக்கை அடக்குவதுதான் இந்த வேலையில் பெரிய வேலை.

மாப்பிள்ளையும் இல்லை, மண்ணும் இல்லை. நெட்டையனிடம் டீக்காசைத் திருப்பிக் கொடுத்துவிடு.

அப்பா நலம். உன் கடிதங்களை இப்போது நான் படிக்கும்போது மிஷின் சத்தம் அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. சோதனை நெருங்குகிறதே, கழுத்து எப்படி?

அக்கா


ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்கா,

நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள். நான் அவ்வளவு நலம் இல்லை.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கன்னம் பளிங்கு. ஆனால் கழுத்தின் இடப்பக்கம் மட்டும் அடங்கவில்லை. சோதனை வருகிறதே என்று எனக்குப் பேராசை. மேலிருந்து கீழ் வழித்ததோடு விடாமல் கீழிருந்து மேலும் வழித்தேன். மறுபடி வழித்தேன், அழுத்தியும் வழித்தேன். தோல் உரிந்து, பழையபடி பரு. நேற்று ஒத்திகையில் முகமூடி மாட்டினேன், பை கவிழ்ந்தது, மருந்து அடித்தார்கள், மூச்சு இழுத்த உடனே கசந்துவிட்டது. நெட்டையனுக்குக் கசக்கவில்லை. அவன் சந்தோஷப்படக்கூட என்னைப் பார்த்துத் தயங்கினான்.

சோதனைக்கு இன்னும் பத்து நாள்தான். கிடங்குக்காரர் இப்போதே என்னைப் பார்த்துப் புன்னகைக்கிறார். அப்பா சொன்ன இடத்துக்குள் ஓடிப் பார்க்கக்கூட எனக்கு வாய்ப்பில்லை போலிருக்கிறது. பேசாமல் ஊருக்கு வந்து கம்பி சுற்றலாமா என்று ராத்திரியெல்லாம் யோசனை.

தம்பி


ஆகஸ்ட் 22

தம்பி,

நலம் விசாரிக்க நேரமில்லை. இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். நான் சொல்வதை வரி தவறாமல் செய்.

நான்கு நாள் கழுத்தில் பிளேடு வைக்காதே. யார் திட்டினாலும் வாங்கிக்கொள். முடி கொஞ்சம் வளரட்டும். வளர்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு இடப்பக்கக் கழுத்தை விரலால் தடவிப் பார். நீ மேலிருந்து கீழ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நம் வீட்டுக் கழுத்தில் முடி கீழே வளர்வதில்லை. இடப்பக்கம் மட்டும் தொண்டையிலிருந்து காதை நோக்கிப் படுத்து வளர்கிறது, நடுவில் ஒரு சுழி வேறு. மேலிருந்து வழித்தாலும் கீழிருந்து வழித்தாலும் நீ அதன் குறுக்கேதான் போகிறாய், அதனால்தான் உரிகிறது. தொண்டையிலிருந்து காதுப்பக்கமாக, படுத்திருக்கிற திசையிலேயே போ. சுழியில் மட்டும் சின்னதாக வளைத்துத் திருப்பு. ஒரே தடவை. திரும்பப் போகாதே.

கம்பி சுற்ற இங்கே ஆள் இருக்கிறது. நீ வராதே.

அக்கா


செப்டம்பர் 1

அக்கா, அக்கா, அக்கா,

கசக்கவில்லை.

பை கவிழ்ந்தது. மருந்து அடித்தார்கள். தலையை இடம் திருப்பச் சொன்னார்கள், வலம் திருப்பச் சொன்னார்கள், குனிந்து நிமிரச் சொன்னார்கள், சத்தமாகப் பேசச் சொன்னார்கள். நான் நம் கடையின் பலகையில் இருப்பதை அப்படியே ஒப்பித்தேன், "இங்கு எல்லா வகை மோட்டார்களும் குறித்த நேரத்தில் சுற்றித் தரப்படும்." கசக்கும் கசக்கும் என்று நாக்கு காத்துக்கொண்டே இருந்தது, வரவே இல்லை. பையைத் தூக்கியதும் முகமூடி வாத்தியார் என் கழுத்தைத் தடவிப் பார்த்து, "யாருடா உனக்கு வழிச்சு விட்டது?" என்றார். நானேதான் என்றேன். நெட்டையன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திடலைச் சுற்றினான். நானும் வண்டியில் ஏறப்போகிறேன், அக்கா.

நீ சொன்னதுபோலவே இருந்தது. காதை நோக்கிப் படுத்த முடி, நடுவில் சுழி. இப்போது ஒரு கேள்வி, அதற்கு நீ பதில் சொல்லியே ஆக வேண்டும். இத்தனை வருஷம் என் கழுத்து தாடிக்குள் இருந்தது. உன் கழுத்தில் முடி இல்லை. நம் வீட்டுக் கழுத்து என்றால், யார் கழுத்து?

உன் தம்பி


செப்டம்பர் 7

அன்புத் தம்பிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. அப்பாவின் மீசையை எடுத்துவிட்டேன்.

எல்லாவற்றையும் சொல்கிறேன். ஜூலை தொடக்கத்தில் ஒரு நாள் தெருவில் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு போனது. அப்பா ஏணியைச் சாத்திக் கடைக் கூரையில் ஏறி, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். நீ ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருக்கிறாய், அந்த வண்டியில் நீ இருக்க முடியாது என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் ஏறினார். நீ போனதிலிருந்து எந்த வண்டி போனாலும் எட்டிப் பார்க்கிறார், அன்று தெரு வளைவு மறைத்ததால் ஏணி. இறங்கும்போது ஏணி சரிந்தது. இரண்டு மணிக்கட்டிலும் எலும்பு முறிவு, இரண்டு கைக்கும் மாவுக்கட்டு.

உனக்கு எழுதப் போனேன். தடுத்துவிட்டார். "எழுதாத. தெரிஞ்சா கிளம்பி வந்துடுவான், வந்தா அந்த வேலை போயிடும்" என்றார். உன் வேலை போகக் கூடாது என்று அவர் வாயிலிருந்து வந்ததும் நான் பேனாவை மூடிவிட்டேன்.

அவர் வாழ்நாளில் தானாக ஷேவ் செய்ததில்லை, எதிர்ச் சலூன்தான் என்று உனக்கே தெரியும். சலூன்காரர் வீட்டுக்கே வருகிறேன் என்றார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. எப்படி விழுந்தீர்கள் என்று கேட்பார், சொன்னால் சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். தாடியோடு பத்து நாள் உட்கார்ந்திருந்தார். சோறு ஊட்டினால் பாதி தாடியில் நிற்கும். அவர் கண்ணில் தண்ணீர் வந்த அன்று உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் ரேசர் வாங்கினேன். அந்த மாப்பிள்ளை நம் அப்பாதான். உன் பாடமெல்லாம் அவர் முகத்தில்தான் நடந்தது. அந்தச் சுழியும் அவர் கழுத்தில் பார்த்ததுதான். உன் கழுத்து உரிகிறது என்று எழுதினாயே, அதைப் படித்ததும் அவரே தலையை அண்ணாந்து, "இத பாத்து எழுதி அனுப்பு" என்றார்.

இனி மீசை. நீ தேறிய கடிதம் வந்தபோது அவர் முகத்தில் நுரை. இடது கையில் கடிதம், வலது கையில் ரேசர், இரண்டு வேலையும் ஒன்றாகப் பார்த்தேன். உன் கடிதத்தின் முதல் வரியைக் கண்ணால் படித்துவிட்டு, சத்தமாகப் படிக்க மறந்து கடிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மேலுதட்டு ஓரத்தில் பிளேடு. "என்னடி, என்ன ஆச்சு, கசந்துச்சா?" என்று அவர் சடாரென்று முகத்தைத் திருப்பினார். ஒரு பக்க மீசை பாதி நுரையோடு என் கைக்கு வந்துவிட்டது.

எனக்கு உயிரே போய்விட்டது. கசக்கவில்லை அப்பா என்றேன், கண்ணாடியையும் காட்டினேன். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு, "மீதியையும் எடுத்துடு. அவனுக்கு இல்லாதது எனக்கு எதுக்கு" என்றார்.

இரண்டு பேரும் ஒரே மாதிரி இருக்கிறீர்கள். லீவு கிடைக்குமா?

அக்கா


செப்டம்பர் 12

அக்கா,

இருபதாம் தேதி காலை வந்து சேரும் ரயிலில் வருகிறேன். ஒரு வாரம் லீவு. மறைத்ததற்கு உன்மேல் கோபம் இருக்கிறது, வந்து சண்டை போடுகிறேன். கட்டு அவிழ்த்தாகிவிட்டதா? அவர் என்னிடம் பேசுவாரா?

தம்பி


அக்டோபர் 3

அன்புள்ள அக்கா,

நான் நலம். நீ நலமா, அப்பா நலமா? நேற்று முதல் முறையாக வண்டியில் ஏறினேன். ஒரு மரக்கிடங்கு, பெரிய தீ இல்லை, யாருக்கும் அடி இல்லை. முகமூடிக்குள் காற்று சுத்தமாக இருந்தது.

ஊரில் இருந்த ஒரு வாரமும் அவர் என்னோடு நேராகப் பேசாததை நீ பார்த்தாய். "அவன் சாப்டானா கேளு" என்று என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே உன்னிடம் கேட்டார். கிளம்பும் நாள் சாயங்காலம் நீ ஒரு மோட்டாரைக் கொடுக்கப் போயிருந்தபோது நடந்ததை நான் உன்னிடம் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். அப்பா கட்டு அவிழ்த்த கையால் நாற்காலியைத் தானே தூக்கி வெளிச்சத்தில் போட்டார். பிளேடைத் தானே மாட்டி, திருகி இறுக்கினார். ரேசரை என்னிடம் நீட்டிவிட்டு உட்கார்ந்து தலையை அண்ணாந்தார். இவ்வளவும் செய்கிற கைக்கு வழிக்க மட்டும் தெரியாதா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை, நுரை அடித்தேன்.

கன்னத்தை இழுத்துப் பிடித்ததும் எனக்குத் தெரிந்தது, இனி இவரால் பேச முடியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பா குறுக்கே பேசாமல் நான் பேசப்போகிறேன். எல்லாவற்றையும் சொன்னேன். பயிற்சியில் முதல் நாள் புகை அறைக்குள் பயந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொன்னேன். எல்லாரும் வெளியே ஓடி வரும் இடத்தில் ஓட முடியாத ஒருத்தர் எப்போதும் உள்ளே இருப்பார், அதற்காகத்தான் போகிறேன் என்று சொன்னேன். நீங்கள் என்னோடு பேசாதது கசப்பு மருந்தைவிடக் கஷ்டமாக இருந்தது என்றும் சொன்னேன். அப்போது பிளேடு இடப்பக்கக் கழுத்தில், அந்தச் சுழியில் இருந்தது. தொண்டை மேடு ஏறி இறங்கியது. நான் விழுங்கச் சொல்லவில்லை.

முடித்தேன். துணியால் ஒற்றினேன். முகம் முழுக்க மழமழவென்று இருந்தது. ஒரு முடி பாக்கி இல்லை. எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அவர் கழுத்தைத் தடவிப் பார்த்தார், கன்னத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"இந்தப் பக்கம் சரியா வரலடா. இன்னொரு தடவை நுரை போடு. அந்தப் புகை ரூம்ல அப்புறம் என்ன ஆச்சு, அத சொல்லு."

அந்த ரயிலை விட்டுவிட்டு அடுத்த ரயிலில் வந்தேன் அக்கா.

என்றும் உங்கள் இருவரின்
தம்பி